கம்பளி இருந்தும் குளிரில் படுத்தவர்

(இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன்)



"வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுது" என்று மலர்க் குழு அண்ணன்கள் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பாஸ்போர்ட்டைக் கையில் தொட்டதில்லை. மார்கழி மாத விடியற்காலையில் மப்ளர் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் நிற்பதுதான் நான் கண்ட பெரிய குளிர். அப்பா வேலை பார்ப்பது சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில், ஃபர்னஸ் பக்கத்தில். எங்கள் குடும்பத்துக்குச் சூடு தெரியும், குளிர் தெரியாது.

இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். காரணம், நூலகத்தில் கணிதமேதை ராமானுஜனைப் பற்றிப் படித்த ஒரு சம்பவம். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

துறைமுகக் குமாஸ்தா கப்பல் ஏறினார்

ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தை ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவர். கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் ராமானுஜனுக்குக் கல்லூரிப் படிப்பு நிலைக்கவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச் 17 அன்று, கணக்கு எழுதிய அதே துறைமுகத்திலிருந்து 'நெவாசா' என்ற கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. அதில் 50 பவுண்டு ஊரில் இருந்த குடும்பத்துக்குப் போனது. படிக்கப் போன இடத்திலும் வீட்டை நினைத்துக்கொண்டே இருக்கும் நம்மைப் போன்றவர்தான் அவரும்.

புறப்படும் முன்பே குடுமியை எடுத்தார்கள். கோட்டு, பேண்ட் போடப் பழக்கினார்கள். கத்தி, முள்கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அதாவது, மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்களை எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று விட்டுப்போயிற்று.

அந்தக் கம்பளி விஷயம்

அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த இன்னொரு இந்தியர் பி.சி. மஹாலனோபிஸ். பிற்காலத்தில் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். ஒருநாள் அவர் ராமானுஜனின் அறைக்குப் போனார். குளிர் காலம் தொடங்கியிருந்தது. ராமானுஜன் கணப்பு அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தார். "ராத்திரி குளிராமல் தூங்க முடிகிறதா?" என்று மஹாலனோபிஸ் கேட்டார். குளிர்வதாகவும், ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு தூங்குவதாகவும் பதில் வந்தது.

மஹாலனோபிஸ் எழுந்து படுக்கை அறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் போதுமான கம்பளிகள் இருந்தன! ஆனால் அந்த ஊர் வழக்கப்படி அவை மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தன. மேலே ஒரு விரிப்பு மட்டும் தளர்வாகக் கிடந்தது. கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. கம்பளிகளின் மேலே, அந்த ஒற்றை விரிப்புக்குள் படுத்து நடுங்கியிருக்கிறார். எப்படிப் படுப்பது என்று மஹாலனோபிஸ் காட்டிக்கொடுத்தார்.

நண்பர்களே, இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பாயை விரித்து, போர்வையை இழுத்துப் போர்த்துத் தூங்கும் ஊரிலிருந்து போனவருக்கு அது எப்படித் தெரியும்? எண்களின் ரகசியம் எல்லாம் தெரிந்தவர்தான். ஆனால் கட்டிலின் ரகசியத்தை யாராவது சொன்னால்தானே தெரியும்!

நம் பாடத்தில் இதற்கு விளக்கம்

கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. நம் உடம்பின் 37 டிகிரிச் சூடு வெளியே ஓடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அந்த வேலையையும் உண்மையில் செய்வது நூல்களுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. காற்றின் வெப்பக் கடத்துத்திறன் மிகக் குறைவு. தண்ணீருக்கு அதைப்போல் 20 மடங்குக்கும் மேல். கம்பளியின் மேல் படுத்தால் உடல் பாரத்தில் அந்தக் காற்று நசுங்கி வெளியேறிவிடும். உடம்பின் மேல்பக்கமோ பாதுகாப்பில்லாமல் கிடக்கும். ராமானுஜனுக்கு நடந்தது இதுதான்.

எங்கள் அப்பா நிற்கும் ஃபர்னஸில் 1100 டிகிரிக்கு மேல் சூடு. அப்படிப்பட்ட உலைகளின் சுவரிலும் கதவிலும் வெள்ளையாக, பஞ்சு போல ஒன்றைப் பதிப்பார்கள். அதற்குப் பெயரே 'செராமிக் பிளாங்கெட்', அதாவது பீங்கான் கம்பளி! அங்கேயும் இழைகளுக்கு நடுவில் அடைபட்ட காற்றுதான் சூட்டைக் காக்கிறது. ஆக, கும்மிடிப்பூண்டி உலைக்கும் கேம்பிரிட்ஜ் கட்டிலுக்கும் ஒரே விதி.

சாப்பாடும் தனிமையும்

ராமானுஜன் சுத்த சைவம். கல்லூரியின் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தை நம்பாமல் அறையில் தானே சமைத்தார். கணக்கு மும்முரத்தில் நேரத்துக்குச் சாப்பிடாமலும் இருந்தார். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் வந்ததும் காய்கறிக்கும் பாலுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில்தான் "குளிருக்கு என்ன பண்றே?" என்ற பேச்சு வரும். தனியாகச் சாப்பிடுகிறவருக்கு அந்தப் பேச்சும் இல்லாமல் போகிறது.

வெயிலும் குறைவு. நம் திருவள்ளூரில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். கேம்பிரிட்ஜில் டிசம்பர் மாதம் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. அந்த வெயிலில் தோல் வைட்டமின் டி தயாரிக்க முடியாது.

1916-இல் பட்டம் பெற்றார். 1917-இல் நோயில் விழுந்தார். காசநோய் என்று கருதி, ஜன்னலைத் திறந்துவைத்துக் குளிர்காற்றில் படுக்கவைக்கும் சானடோரியங்களுக்கு அனுப்பினார்கள். குளியலறைதான் கதகதப்பாக இருக்கிறது, பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு அங்கே போய்விடப் போகிறேன் என்ற கருத்தில் அங்கிருந்து ஹார்டிக்கு எழுதினார். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1919-இல் நாடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் 32 வயதில் மறைந்தார். நோய்க் குறிப்புகளை ஆராய்ந்த யங் என்பவர், அது அமீபாவால் வந்த ஈரல் நோயாக இருக்கலாம் என்று 1994-இல் எழுதினார். எனவே குளிர்தான் அவரைக் கொன்றது என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் அவர் நடுங்கிய அந்த இரவுகள் தேவையே இல்லாதவை.

என் மினி டிராஃப்டர்

இப்போது எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று சொல்கிறேன். முதலாண்டில் டிராயிங் வகுப்புக்கு அப்பா ஓவர்டைம் காசில் மினி டிராஃப்டர் வாங்கிக் கொடுத்தார். அதை போர்டின் ஓரத்தில் ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. வெறும் ஸ்கேல் மாதிரி வைத்துக் கோடு போட்டேன். மூன்று வாரத்தில் நான்கு ஷீட் திரும்பி வந்தது. மற்றவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் படிப்பு ஏறவில்லை என்று நினைத்தேன். நின்றுவிடலாம் என்றுகூட முடிவு செய்தேன். பக்கத்து போர்டு நண்பன்தான் ஒருநாள் பார்த்துவிட்டு, "டேய், இதை டைட் பண்ணாம கோடு எப்படிடா நேரா வரும்?" என்று திருகிக் காட்டினான். ஒரு நிமிட வேலை!

அப்பாவிடம் சொன்னபோது அவர் சொன்னார்: "நான் மில்லுக்குப் போன மொத நாளே மேஸ்திரி, நைலான் சட்டை போடாத, உடம்போட ஒட்டிக்கும், காட்டன்ல முழுக்கை போட்டு வான்னாரு. நானா கண்டுபுடிச்சிருந்தா வெந்துதான்டா கண்டுபுடிச்சிருப்பேன். கேட்டா என்ன கொறஞ்சா போயிடுவ?"

போகிறவர்கள் நினைவில் வைக்க

1. ஒரே தடித்த உடையைவிட மெல்லிய உடைகள் இரண்டு மூன்று அடுக்கு நல்லது. அடுக்குக்கு நடுவே காற்று நிற்கும்.

2. நனைந்த உடையோடு, ஈரச் சாக்ஸோடு இருக்கக் கூடாது. வேர்வையில் நனைந்த பருத்தி பனியனும் குளிரைத்தான் கொண்டுவரும்.

3. மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டித் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆளைக் கொன்றுவிடும்.

4. பகலில் கொஞ்ச நேரமாவது வெளியே நடக்க வேண்டும். வைட்டமின் டி பற்றி அங்குள்ள மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

5. நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அறையில் ஹீட்டர், படுக்கை, குழாய் எதுவானாலும் முதல் நாளே "இது எப்படி?" என்று கேட்டுவிட வேண்டும்.

ஐந்தாவதை நான் வெளிநாடு போகாமலே படித்துவிட்டேன்.

கேட்பது ஒரு பாதிதான். மறுபாதி மஹாலனோபிஸ் செய்தது. "குளிருதா?" என்று கேட்டதோடு அவர் நிற்கவில்லை. எழுந்து போய்க் கட்டிலைப் பார்த்தார். வரும் ஆண்டு முதலாண்டுத் தம்பி தங்கைகள் டிராயிங் ஹாலுக்குப் புது டிராஃப்டரோடு வருவார்கள். அவர்களில் சிலர் கேட்கமாட்டார்கள். நாம் எழுந்து போய் அந்த ஸ்க்ரூவைப் பார்ப்போம்.