திக்குவாயும் திடற்பயிற்சியும்

1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு ஓட்ட வீரர் டாக்டர் எம். ஜெகதீசன் 200 மீட்டர் தூரத்தை 20.92 வினாடியில் ஓடினார். அது 2017ஆம் ஆண்டு வரை தேசியச் சாதனையாக நின்றது. இருபத்தொரு வினாடிக்கும் குறைந்த ஓட்டம். அதற்குப் பின்னே பல ஆண்டுப் பயிற்சி. இதனை நாம் எளிதில் ஒப்புக்கொள்கிறோம். ஓட்டம் பழகாதவனைப் பார்த்து, "மனம் வைத்தால் ஓடிவிடலாம்" என்று எவரும் சொல்வதில்லை. ஆனால், சொல் தடைப்பட்டுத் தவிக்கும் பிள்ளையை மட்டும், "ஒழுங்காகப் பேசு!" என்று அதட்டுகிறோம். இது எவ்வகையில் நியாயம்?

திக்குவாய் நாக்கின் குறையன்று, அறிவின் குறையுமன்று. பேச்சுக்குரிய தசைகள் எப்பொழுது, எந்த வரிசையில் அசைய வேண்டும் என்று மூளை இடும் கட்டளையில் நேரும் தடுமாற்றமே அது. குடும்பவழியாக வருவதும் உண்டு. பெரும்பாலும் 2 வயது முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது. நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐவருக்கு அது தோன்றினாலும், அவர்களுள் பெரும்பாலோர் தாமே தெளிந்துவிடுகின்றனர். பெரியவர்களுள் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவில் எஞ்சுகிறது. அவர்களிலும் ஆண்களே மிகுதி.

பாடும்பொழுதும், பலரோடு சேர்ந்து ஒரே குரலில் ஓதும்பொழுதும் திக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும். கோயில் பஜனையில் கணீரெனப் பாடுபவர், பிரட்டுக் களத்தில் தம் பெயரைச் சொல்ல இயலாமல் நிற்கக்கூடும். அவர் நடிக்கவில்லை. மற்றச் சொற்களுக்கு மாற்றுச் சொல் தேடித் தப்பிக்கலாம். தம் பெயருக்கு மாற்று ஏது?

அமெரிக்காவில் பில் வால்டன் என்றொரு புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர் இருந்தார். 1952இல் பிறந்து 2024இல் மறைந்த அவர், ஏறத்தாழ ஏழடி உயரமுடையவர். 1972, 1973ஆம் ஆண்டுகளில் தம் பல்கலைக்கழக அணிக்கும், 1977இல் போர்ட்லண்ட் அணிக்கும் தேசிய வெற்றியைத் தேடித் தந்தவர். திடலில் எவருக்கும் அஞ்சாத அவர், செய்தியாளரைக் கண்டால் ஒதுங்கினார். அத்துணைக் கடுமையாகத் திக்கினார். 28 வயதில்தான் மார்ட்டி கிளிக்மன் என்னும் விளையாட்டு வருணனையாளர் அவருக்கு வழி காட்டினார். (இந்தக் கிளிக்மனும் ஓட்ட வீரரே. 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்குச் சென்று, கடைசி நேரத்தில் அஞ்சலோட்ட அணியிலிருந்து நீக்கப்பட்டவர். அவர் யூதர் என்பதே அதற்குக் காரணம் என்பர்.) எண்ணத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும், உரக்கப் படித்துப் பழக வேண்டும் என்பன அவர் கூறிய அறிவுரைகளுள் சில.

இவற்றைக் கேட்ட வால்டனுக்குத் தம் பழைய பயிற்றுநர் ஜான் வூடன் கற்பித்த முறை கைகொடுத்தது. வூடன் தம் அணிக்குப் பத்து தேசிய வெற்றிகளைத் தேடித் தந்தவர். அவர் வீரர்களுக்குக் கற்பித்த முதற்பாடம் பந்தெறிவதன்று, காலுறை அணிவது! காலுறையில் சுருக்கம் விழுந்தால் காலில் கொப்புளம் வரும்; கொப்புளம் வந்தால் ஆட்டம் கெடும். அடிப்படையைச் சிறு சிறு அசைவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தானாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வதே அவர் முறை. அதே முறையை வால்டன் பேச்சுக்குக் கையாண்டார். பின்னாளில் வாய் ஓயாத தொலைக்காட்சி வருணனையாளர் என்று பெயர் வாங்கினார்.

இம்முறை நமக்குப் புதிதன்று. உளி பிடிக்கப் பழகுபவரை முதல் நாளே நல்ல நிரையில் விடுவதில்லை. கழித்த மரத்தில் பழக்குகிறோம். கோட்டின் சாய்வு, சீவும் பட்டையின் கனம், வெட்டின் ஆழம் ஆகியவை ஒவ்வொன்றாகக் கைக்கு வரவேண்டும். ஆழம் மிஞ்சினால் மரத்தில் காயம்; குறைந்தால் மங்கில் பால் குறையும். வேகம் கடைசியில்தான் வரும். பேச்சுப் பயிற்சியிலும் அப்படியே. மூச்சு வெளிவரத் தொடங்கிய பிறகு முதல் ஒலியை மெல்ல எழுப்புதல், 'ப', 'ம' போன்ற எழுத்துகளுக்கு உதடுகளை அழுத்தாமல் இலேசாக ஒட்டுதல், அசைகளைச் சற்று நீட்டிப் பேசுதல் ஆகியவை முதலில் தனியறையில் பழகப்படுகின்றன. அடுத்து வீட்டாரோடும், நண்பரோடும், கடைக்காரரோடும் பேச வேண்டும். பலருக்குத் தொலைபேசி கடினமான படி. பிரட்டுக் களம் அதனினும் கடினமாகலாம். பண்டார் பெனாவார் விளையாட்டுப் பள்ளி மாணவர் எவரும் நேரே ஒலிம்பிக்குக்குப் போய்விடுவதில்லையே!

"இன்னும் முயற்சி செய்" என்னும் சொல்லில் ஓர் ஆபத்து உண்டு. பல்லைக் கடித்து, தோளை இறுக்கி ஓடுபவன் வேகம் இழக்கிறான். தாடையையும் தோளையும் தளரவிடச் சொல்வதே பயிற்றுநர் வழக்கம். திக்கும் வேளையில் வலிந்து தள்ளினால் சொல் மேலும் இறுகும். முயற்சியெல்லாம் பயிற்சி வேளைக்கு உரியது; பேசும் வேளைக்குத் தளர்ச்சியே உரியது. மேலும், திக்கலை அடியோடு ஒழிப்பதே வெற்றி என்று எண்ண வேண்டா. நன்கு பழகியவருக்கும் சில நாள் சறுக்கும். திக்கினாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதும் வெற்றியே.

கூழாங்கற்களை வாயிலிட்டுப் பேசிப் பழகிய கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் கதையைப் பலர் அறிவர். அதனை நம்பிப் பிள்ளையின் வாயில் கல்லைத் திணிக்க வேண்டா. மூச்சுக்குழலில் சிக்கினால் உயிருக்கே கேடு. நாக்கில் வசம்பு தேய்ப்பதாலும் பயனில்லை. குறை நாக்கில் இல்லை என்பதை முன்னரே கண்டோம்.

வீட்டில் செய்யத்தக்கவை எளியவை. பிள்ளை திக்கும்பொழுது சொல்லை நாம் முடித்து வைக்கலாகாது. முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். நாமும் சற்று நிதானமாகப் பேச வேண்டும். அண்ணன் தம்பியர் கேலி செய்தால் கண்டிக்க வேண்டும். ஆசிரியர்கள், அப்பிள்ளை முதலில் மற்றொரு மாணவனோடு சேர்ந்து வாசிக்க இடம் தரலாம். வருகைப் பதிவின்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்வதற்குப் பதிலாகக் கை உயர்த்தவும் அனுமதிக்கலாம்.

திக்கல் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இருந்தாலோ, பேசுவதற்கே பிள்ளை அஞ்சினாலோ காத்திராமல் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அங்குள்ள மருத்துவரிடம் கடிதம் பெற்று, ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளரை அணுகலாம். பெரியவர்களும் தயங்காமல் செல்லலாம். வால்டன் தொடங்கியபொழுது அவருக்கு வயது 28.