ஒரு பெட்டி செய்யுங்கள், அதோடு வேலை கேளுங்கள்

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த சேரங்கோட்டில் ஜூன் பிறந்துவிட்டால் துவைத்த துணி காயாது. பிப்ரவரியில் உதடு வெடிக்கும். காற்றின் ஈரம் இப்படி ஏறி இறங்குவது தேயிலைத் தொழிற்சாலைகளுக்குத் தலைவலி. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவருக்கும் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவருக்கும் அதுவே வேலைக்கு வழி. ஈரப்பதத்தை அளந்து தானே சரிசெய்யும் கருவி ஒன்றை வீட்டிலேயே செய்து பழகுங்கள்.

எங்கே தேவை?

சி.டி.சி. இயந்திரத்தில் அரைபட்ட கொழுந்து நொதிக்கும் இடத்தில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் மேல்பரப்பு காய்ந்து கறுக்கும். டீயின் நிறமும் சுவையும் கெடும். டிரையரிலிருந்து சுமார் 3 சதவீத ஈரத்தோடு வரும் தூளுக்கோ நேர்மாறான தேவை. மழைக்காலக் காற்று பட்டால் அது ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆகவே சலிக்கும் அறையும் மூட்டை கட்டும் அறையும் உலர்ந்திருக்க வேண்டும்.

காளான் குடிலுக்கு 80 முதல் 90 சதவீதம், சுருட்டுப் பெட்டிக்கு 65 முதல் 70. எண்தான் மாறும், சர்க்யூட் ஒன்றே.

என்ன வாங்குவது?

ஆர்டுயினோ நானோ அல்லது இ.எஸ்.பி.32 போர்டு, சென்சார், ரிலே, சிறிய டிஸ்ப்ளே, நேரத்தோடு அளவைப் பதிவுசெய்ய கடிகார மாட்யூலும் மெமரி கார்டும். சென்சாரில் கஞ்சம் வேண்டாம். டி.எச்.டி.11 சுமார் 5 சதவீதம் வரை தவறும், எஸ்.எச்.டி.31 ஏறத்தாழ 2 சதவீதத்துக்குள் நிற்கும். மூடியுள்ள தெர்மோகோல் பெட்டி, 24 வோல்ட் மிஸ்ட் மேக்கர், சிறு ஃபேன் இருந்தால் பயிற்சிக்குப் போதும்.

புரோகிராமில் கவனம்

70 சதவீதம் வேண்டுமென்றால் 68-இல் ஆன், 72-இல் ஆஃப் என்று இடைவெளி விடுங்கள். ஒரே எண்ணை வைத்தால் ரிலே ஓயாமல் அடித்து, பாயின்ட் கருகிவிடும். சென்சார் பழுதாகி அளவு வராவிட்டால் மிஸ்ட் மேக்கர் தானாக நிற்க வேண்டும். கரண்ட் போய் வந்தாலும் கருவி ஒழுங்காகத் தொடங்க வேண்டும். மழைக்காலத்தில் இந்த மறுதொடக்கம் அடிக்கடி தேவைப்படும். புகைபோல வரும் நீர்த்துளி சென்சாரில் நேராகப் படக்கூடாது.

உப்புச் சோதனை

சின்ன மூடியில் உப்பு எடுத்து, சில துளி நீர் விட்டு, ஈர மணலின் பதத்துக்குக் குழையுங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. அதைச் சென்சாரோடு காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். சென்சார் 79 காட்டினால் 4 கூடுதல், புரோகிராமில் கழித்துவிடுங்கள்.

உயிர் முக்கியம்

ஈரமான இடத்தில் 230 வோல்ட்டோடு விளையாடக் கூடாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., எர்த், தண்ணீர் புகாத பெட்டி மூன்றும் கட்டாயம். மோட்டாரைச் சின்ன ரிலேயில் நேராக மாட்டாதீர்கள். இடையில் கான்டாக்டர் வேண்டும். தொழிற்சாலை லைனில் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே கைவைக்க வேண்டும்.

எப்படி வேலை கேட்பது?

பெட்டியைத் தொடர்ந்து ஒரு மாதம் ஓடவிட்டு, பதிவை ஒரே பக்கத்தில் வரைபடமாக அச்சிடுங்கள். ஈர-உலர் குமிழ் வெப்பமானியைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கருவி காட்டும் எண்ணும் அதுவும் ஒத்துப்போனால்தான் பழைய ஆட்கள் நம்புவார்கள். தொழிற்சாலைக்குப் போனவுடன் கருவியின் பெருமையைப் பேசாதீர்கள். டீ மேக்கரிடம், "எந்த மாசம், எந்த நேரத்துல ஈரம் குறையுது சார்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலிருந்தே உங்கள் வேலை தொடங்கும்.

அரசுத் தேயிலை நிறுவனமான டேன்டீ, இன்ட்கோசர்வ் கூட்டுறவுத் தொழிற்சாலைகள், சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கி அரைக்கும் தனியார் தொழிற்சாலைகள் ஆகியவற்றில் அப்ரெண்டிஸ் வாய்ப்பு உண்டா என்று விசாரியுங்கள். சொந்தமாகச் செய்ய விரும்பினால், கருவியை விற்பதோடு நிறுத்தாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உப்புச் சோதனை, சென்சார் சுத்தம் என்று பராமரிப்பு ஒப்பந்தம் பேசுங்கள். நிலையான வருமானம் அதில்தான்.

டேன்டீயின் தொடக்கமான அரசுத் தேயிலைத் திட்டம், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தர 1968-இல் வந்தது. அன்று கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பேனல் போர்டைத் திறந்து வேலை பார்க்கும் படிப்போடு இருக்கிறார்கள். சான்றிதழை எல்லோரும் நீட்டுவார்கள். நீங்கள் ஒரு மாதம் தவறாமல் ஓடிய கருவியின் பதிவையும் சேர்த்து நீட்டுங்கள்.