ஆண்பிள்ளைகளும் வாசிப்பும்: பெற்றோர்க்கு ஒரு பாடம்

"பெண்பிள்ளை புத்தகத்தை எடுத்தால் கீழே வைப்பதில்லை; பையனோ புத்தகத்தைக் கண்டவுடன் பந்தை எடுத்துக்கொண்டு திடலுக்கு ஓடிவிடுகிறான்." கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும், சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய், பீடோங் முதலிய ஊர்களின் குடியிருப்புகளிலும் பெற்றோர் கூடும் இடங்களில் இக்குறையைக் கேளாதிருத்தல் அரிது. சொல்பவர் பெரும்பாலும் தாயார். கேட்டுத் தலையசைப்பவரும் மற்றொரு தாயாரே. தந்தையர் இப்பேச்சில் அதிகம் கலந்துகொள்வதில்லை. அதனைக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

இக்குறை நம் தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. உலக நாடுகள் பலவற்றில் 15 வயது மாணவரின் வாசிப்புத் திறனை அளக்கும் பீசா எனும் அனைத்துலக மதிப்பீட்டில், 2018-ஆம் ஆண்டு பங்குபெற்ற எல்லா நாடுகளிலும் பெண்களே ஆண்களை முந்தினர். வளர்ச்சியடைந்த நாடுகளின் சராசரி வேறுபாடு 30 புள்ளிகள். நம் நாட்டிலும் ஆண்பிள்ளைகள் பின்தங்கியே நின்றனர். மேலும், மலேசிய மாணவர் 2018-இல் வாசிப்பில் பெற்ற சராசரிப் புள்ளி 415. 2022-இல் அது 388-ஆகக் குறைந்தது. ஆகவே, வாசிப்பில் ஆர்வங்குன்றிய ஆண்பிள்ளையைப் பற்றிய கவலை வெறும் வீட்டுக் கவலையன்று, நாட்டுக் கவலையுமாகும்.

கவலைக்குக் காரணம் என்ன?

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற சிறுவன் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றான். அங்குப் பாடமொழி மலாய். அம்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதோர் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயின்ற பின்னரே முதலாம் படிவத்தை அடைவர். முன்பு ஆறாம் ஆண்டில் யுபிஎஸ்ஆர் தேர்வு இருந்தது. 1988-இல் தொடங்கிய அத்தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. தேர்வின் அச்சம் நீங்கியது நன்மையே. ஆயினும், பன்னிரண்டு வயதிலும் தடுமாறி வாசிக்கும் சிறுவனை ஊரறியக் காட்டிக்கொடுத்த ஒரு கருவியும் அத்துடன் நீங்கிற்று. குறையை இனிப் பெற்றோரே முன்கூட்டிக் கண்டறிதல் வேண்டும்.

எழுத்துக்கூட்டி வாசிக்கும் சிறுவன் வரலாற்றுப் பாடநூலின் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடுகின்றது. எஸ்பிஎம் சான்றிதழ் பெற மலாய்மொழியில் தேர்ச்சி கட்டாயம். 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். இரண்டும் வாசித்துப் பொருளுணர்ந்து எழுதவேண்டிய பாடங்கள். வாசிக்க இயலாதவன் முதலில் வெட்கப்படுகின்றான். பின்னர் வெட்கத்தை மறைக்கக் குறும்பு செய்கின்றான். அதன்பின் பள்ளிக்கு மட்டம் போடுகின்றான். படிப்பை இடையில் நிறுத்திய இளைஞர் பலரின் கதையைப் பின்னோக்கிச் சென்று பார்த்தால், அதன் வேர் மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ சரளமாக வாசிக்க வராமற்போன நாளில் இருக்கக் காணலாம்.

வேலைக்குச் சென்றாலும் எழுத்து அவனை விடுவதில்லை. அன்று பால்மரம் சீவுவதற்கு வாசிப்பு வேண்டியதில்லை. கையும் கண்ணும் போதுமாயிருந்தன. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பின்னர், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைகளை நாடினர். அங்கே இயந்திரத்தின் மேல் எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கும். வேலை முறை தாளில் இருக்கும். மோட்டார் சைக்கிளைத் தவணையில் வாங்கும் இளைஞன் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் பல பக்கங்கள் உள்ளன. அவற்றை வாசியாமல் கையெழுத்திடுபவன் தன் சம்பளத்தின் ஒரு பகுதியைத் தான் அறியாமலே பிறரிடம் ஒப்படைக்கின்றான்.

ஆண்பிள்ளை ஏன் விலகுகின்றான்?

அறிவுக் குறைவினால் அன்று. காரணங்கள் வேறு.

முதலாவது, வாசிக்கும் ஆண்களை அவன் காண்பதில்லை. வீட்டில் பாடம் சொல்லித் தருபவர் தாயார் அல்லது அக்காள். பள்ளியிலும் ஆசிரியைகளே மிகுதி. வாசிப்பு பெண்களின் வேலை என்று அவன் தானே முடிவுசெய்து கொள்கின்றான்.

இரண்டாவது, எழுத்தை நாம் தண்டனையாக்கி வைத்திருக்கின்றோம். தவறு செய்தால் "நூறு முறை எழுது" என்கிறோம். தண்டனையாகக் கொடுத்த ஒன்றை அவன் மறுநாள் விரும்பிச் செய்வான் என எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்?

மூன்றாவது, பேசும் தமிழுக்கும் நூலிலுள்ள தமிழுக்கும் இடைவெளி பெரிது. வீட்டில் கேட்டிராத சொல்லமைப்பை நூலில் முதன்முதலாகக் காணும் சிறுவனுக்கு அது அயல்மொழிபோல் தோன்றும். இத்துடன் மலாய், ஆங்கிலம் ஆகிய இருமொழிகளையும் அவன் ஒரே வேளையில் கற்கின்றான்.

நான்காவது, அவனுக்கு விருப்பமான பொருளில் நூலைத் தேடிக் கொடுப்பதில்லை. நீதிக்கதை நல்லது, நீதிக்கதை மட்டுமே கொடுத்தால் சலிப்புத் தட்டும்.

சில பிள்ளைகளுக்கு உடற்காரணமும் இருக்கலாம். கரும்பலகை தெரியாத கண், வாசிப்புக் குறைபாடு ஆகியவற்றைச் சோம்பல் எனக் கருதி அடிப்பது பெருந்தவறு. ஐயமிருப்பின் ஆசிரியரிடமும் அரசாங்க மருந்தகத்திலும் கேட்டறிக.

நம் முன்னோர் கண்ட வழி

எழுத்தார்வத்தை வளர்க்கும் முறையை நாம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யவேண்டியதில்லை. 1950-இல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' என்றொரு பகுதியை நடத்தினர். வாசகர்க்குக் கதை எழுதும் முறையைப் பாடமாகச் சொல்லி, அவர்கள் அனுப்பிய படைப்புகளைத் திருத்தி மதிப்பிட்டனர். கல்லூரி வாசலைக் காணாத இளைஞர்க்குப் பத்திரிகையே வகுப்பறையாயிற்று. அதே 1950-ஆம் ஆண்டுகளில் கோ. சாரங்கபாணி அவர்களின் 'தமிழ் முரசு' நாளிதழ் 'மாணவர் மணிமன்றம்' எனும் பகுதியில் மாணவர் எழுத்துகளை வெளியிட்டது. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பின்னாளில் எழுத்தாளராய் விளங்கியோர் பலர் அங்கே முதன்முதல் தம் பெயரை அச்சில் கண்டவர்களே.

இவற்றின் வெற்றிக்குக் காரணம் யாது? எழுதியதை ஒருவர் வாசித்தார், மறுமொழி தந்தார், பெயர் அச்சில் வந்தது. எழுத்துக்கு ஒரு வாசகர் கிடைத்தார் என்பதே காரணம். குறிப்பேட்டில் எழுதிச் சிவப்பு மையால் திருத்தப்பட்டு மூடப்படும் கட்டுரைக்கு அந்த வாசகர் இல்லை.

கெடா மண்ணும் இதில் குறைந்ததன்று. தோட்ட வாழ்வை 'மண்புழுக்கள்' எனும் நாவலில் வடித்த சீ. முத்துசாமி கெடாவைச் சேர்ந்தவர். 2017-இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. ஆசிரியராகப் பணியாற்றிய கோ. புண்ணியவான், 1942-43-இல் சயாம்-பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களின் துயரை 'கையறு' நாவலில் எழுதினார். சுங்கைப்பட்டாணி ஆசிரியர் கே. பாலமுருகன் சிறுவர்க்கென்றே மர்ம நாவல்களைப் படைத்துள்ளார். இவர்கள் ஆண்கள், நம் ஊர்க்காரர்கள். எழுத்து ஆண்பிள்ளைக்கு உரியதன்று என எண்ணும் சிறுவனிடம் இப்பெயர்களைச் சொல்லுங்கள்.

பெற்றோர் செய்யத்தக்கவை

1. தந்தை வாசிக்க வேண்டும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். தந்தை நாளிதழை விரித்து ஒரு செய்தியை உரக்க வாசித்து, "இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என மகனைக் கேட்கட்டும். முற்காலத்தில் தோட்டங்களில் எழுத்தறிந்த ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பது வழக்கம். நூல் தமிழைச் செவிக்குப் பழக்கியது அவ்வழக்கமே. தந்தைக்கு வாசிக்க வராதெனில் மகனை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்கும் தந்தையும் ஆசானே.

2. அவன் விரும்பும் பொருளிலிருந்து தொடங்குக. பந்து பிடிக்குமெனில் விளையாட்டுப் பக்கமே முதற்பாடம். 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் கெடா காற்பந்துக் குழு அடுத்தடுத்து மும்முறை வெற்றியை, அதாவது ஒரே பருவத்தில் மூன்று கிண்ணங்களை, வென்ற வரலாற்றை அவன் ஆவலுடன் வாசிப்பான். இயந்திரம், மீன்பிடித்தல், பாம்பு, விண்வெளி, சித்திரக்கதை எதுவாயினும் ஆகுக. சித்திரக்கதையை இழிவாக எண்ணற்க. அது நாவலுக்குச் செல்லும் படிக்கட்டு.

3. ஊரையே நூலாக்குக. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட் காட்சியகம் உள்ளது. ஜெராய் மலையடிவாரத்துக் கோயில் அடித்தளங்களை நேரில் கண்ட சிறுவன், 1025-ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழன் கடாரத்தின்மீது படையெடுத்த வரலாற்றைத் தானே தேடி வாசிப்பான். கடாரம் என்பது தான் வாழும் கெடாவே என அறியும்போது பாடநூல் வேறு முகங்காட்டும்.

4. முதலில் பேசட்டும், பிறகு எழுதட்டும். "கட்டுரை எழுது" என்றால் திகைக்கும் சிறுவன், "நேற்று ஆட்டத்தில் என்ன நடந்தது?" என்றால் மூச்சுவிடாமல் சொல்வான். அவன் சொன்னதில் மூன்று வாக்கியங்களை எழுதச் செய்க. அதுவே கட்டுரையின் தொடக்கம்.

5. பிழை திருத்துவதில் பொறுமை வேண்டும். றகர ரகர வேறுபாடும் லகர ழகர ளகர வேறுபாடும் ஒரே நாளில் கைவாரா. முதலில் அவன் சொல்லவந்த செய்தியைப் பாராட்டுக. பின்னர் ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துக. தாள் முழுதும் சிவக்கக் கண்டவன் அடுத்த முறை குறைவாகவே எழுதுவான். குறைவாக எழுதினால் பிழையும் குறையுமென அவன் அறிவான்.

6. எழுத்துக்கு வாசகரைத் தேடித் தருக. வேறு ஊரிலுள்ள பாட்டிக்குக் கடிதம், நாளிதழின் மாணவர் பகுதிக்கு ஒரு குறிப்பு, தோட்டத்துச் சிறுவர் சேர்ந்து நடத்தும் கையெழுத்து இதழ் என வழிகள் பல. கோயில் மண்டபத்திலோ சமூக மண்டபத்திலோ ஒரு பலகை மாட்டி, வாரந்தோறும் சிறுவர் எழுதியவற்றை ஒட்டி வைக்கலாம். செலவு சில ரிங்கிட்டே.

7. எண்ணிக்கையைவிடச் சுவை பெரிது. 1990-ஆம் ஆண்டுகளின் இறுதியில் பள்ளிகளில் தொடங்கப்பட்ட நீலாம் வாசிப்புத் திட்டத்தின்படி மாணவர் வாசித்த நூல்களைப் பதிவு செய்கின்றனர். நன்முயற்சியே. ஆயினும், பின்னட்டையைப் பார்த்து எழுதிய பத்துப் பதிவுகளைவிட, முழுதும் வாசித்து நண்பனிடம் சொன்ன ஒரு கதை மேலானது. பதிவேட்டைப் பார்க்கும் பெற்றோர், "இதில் உனக்குப் பிடித்த ஆள் யார்?" என ஒரு கேள்வி கேட்டால் உண்மை விளங்கிவிடும்.

8. கைப்பேசியைப் பகையாக்காமல் பயன்படுத்துக. அதில் தமிழில் தட்டச்சு செய்யப் பழக்கினால் அதுவும் எழுதுகோலே. எனினும், உறங்குவதற்கு முந்தைய அரைமணி நேரம் அச்சிட்ட நூலுக்கு உரியதாக இருக்கட்டும்.

நான்கு வாரப் பயிற்சி

முதல் வாரம்: மகனை அழைத்துக்கொண்டு சுங்கைப்பட்டாணி, கூலிம் போன்ற ஊர்களிலுள்ள பொது நூலகத்திற்குச் செல்க. நூலை அவனே தெரிவு செய்யட்டும். தமிழ் நூல் குறைவெனில் மலாய் நூலாயினும் குற்றமில்லை. ஒரு மொழியில் ஏற்பட்ட வாசிப்புப் பழக்கம் மறு மொழிக்கும் துணைபுரியும்.

இரண்டாம் வாரம்: இரவு உணவுக்குப்பின் பத்து நிமிடம் உரக்க வாசித்தல். ஒருநாள் தந்தை, ஒருநாள் மகன்.

மூன்றாம் வாரம்: தாத்தாவிடமோ பாட்டியிடமோ ஐந்து கேள்விகள் கேட்டு விடையை எழுதுதல். எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள்? எத்தனை மணிக்குப் பெரட்டுக்குச் சென்றீர்கள்? முதற்சம்பளம் எவ்வளவு? பள்ளிக்கூடம் எங்கிருந்தது? எப்போது தோட்டத்தை விட்டு வந்தீர்கள்?

நான்காம் வாரம்: எழுதியதைக் குடும்பத்தார் முன் வாசித்தல். பின்னர் அதைப் படியெடுத்துப் பள்ளி ஆசிரியரிடமோ நாளிதழுக்கோ அனுப்புதல்.

மூன்றாம் வாரப் பயிற்சியைச் சிறிதென எண்ணவேண்டா. இரப்பர் மரங்கள் அழிந்து செம்பனை வந்தது. செம்பனை நிலத்திலும் பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தின் பிரிவுகளைப்போல், பல தோட்டங்களின் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகளே தாங்கி நிற்கின்றன. லயத்து வீடும் ஆயாக் கொட்டகையும் பால் நிறுவையும் எப்படியிருந்தன என்பதை அறிந்தோர் முதுமையடைந்து வருகின்றனர். அவர்கள் சொல்ல, பேரன் எழுதாவிடில், எழுதுவார் வேறு யாருமில்லை.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

உங்கள் வீட்டில் கடந்த வாரம் ஓர் ஆண்மகன் வாசித்ததை உங்கள் மகன் கண்டானா? அவனுக்கென ஒரு நூலேனும் அவன் விருப்பப்படி வாங்கப்பட்டதா? அவன் எழுதிய எதையாயினும், திருத்துவதற்காக அன்றி, அறிந்துகொள்வதற்காக நீங்கள் வாசித்ததுண்டா?

இம்மூன்று வினாக்களில் ஒன்றுக்கேனும் 'இல்லை' என்பது விடையானால், இன்றிரவே தொடங்கலாம். அதற்கு மேசையும் வேண்டா, தனி அறையும் வேண்டா. ஒரு நாளிதழும் பத்து நிமிடமும் இருந்தாற் போதும்.