மறைந்திருந்தவள் பேசிய வேளை

வேத பாடம்: எஸ்தரின் புத்தகம்

எஸ்தரின் புத்தகம் இந்தியாவின் பெயரோடு தொடங்குகிறது. அகாஸ்வேரு ராஜாவின் ஆளுகை இந்து தேசம் முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகளில் பரவியிருந்ததென்று முதல் வசனமே அறிவிக்கிறது. எபிரெயத்தில் 'ஹோது' எனப்படும் அத்தேசம் அக்காலத்தில் சிந்து நதிப் பிரதேசத்தைக் குறித்தது. கி.மு. 486 முதல் 465 வரை பெர்சியாவை ஆண்ட செர்க்செஸ் மன்னனே இந்த அகாஸ்வேரு என்பது வேத அறிஞர் பலரின் கருத்து.

இந்திய மண்ணிலும் இப்புத்தகம் நெடுங்காலம் வாசிக்கப்பட்டது. கேரளத்தில் கொச்சி மட்டாஞ்சேரியிலுள்ள பரதேசி ஜெப ஆலயம் 1568-இல் கட்டப்பட்டது. கொச்சி யூதரில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரவேலுக்குக் குடிபெயரும் வரை, பூரீம் பண்டிகைதோறும் எஸ்தரின் சுருளை வாசித்து வந்தனர்.

1. கூறப்படாத நாமம்

எபிரெய மூலத்தில் தேவனுடைய நாமம் ஓரிடத்திலும் இல்லை. உபவாசம் உண்டு, ஜெபத்தின் வார்த்தைகள் இல்லை. இக்குறையை உணர்ந்தோர் போலும், கிரேக்க மொழியாக்கத்தில் ஜெபங்கள் சேர்க்கப்பட்டன. யூதப் போதகரோ, எஸ்தர் என்னும் பெயரை மறைத்தலைக் குறிக்கும் எபிரெயச் சொல்லோடு இணைத்து விளக்கினர். மறைந்திருப்பது வேறு, இல்லாதிருப்பது வேறு. ராஜாவின் நித்திரை கலைந்த ஓர் இரவில் காரியங்கள் திரும்பத் தொடங்கின (6:1). அதன் காரணத்தைப் புத்தகம் சொல்லவில்லை. உணர்ந்துகொள்ளும்படி வாசகரிடமே விட்டுவிடுகிறது.

2. மௌனத்தின் எல்லை

எஸ்தரும் தன் குலத்தை மறைத்திருந்தாள்; அப்படிக் கற்பித்தவன் மொர்தெகாய் (2:10). பின்பு, ராஜாவின் 12-ஆம் வருஷம், முதலாம் மாதம் 13-ஆம் தேதியில் யூதரை அழிக்கும் கட்டளை எழுதப்பட்டது. அப்பொழுது பேசும்படி வற்புறுத்தியவனும் அதே மொர்தெகாய்தான். முன்பு பாதுகாப்பாயிருந்த மௌனம், இப்போது ஜனத்தைக் கைவிடுவதாக மாறியிருந்தது.

எஸ்தரின் தயக்கம் கோழைத்தனமன்று. அழைக்கப்படாமல் உள்ளே பிரவேசிப்பவருக்கு மரணம் என்பது சட்டம். அவளோ 30 நாளாக அழைக்கப்படவில்லை. மொர்தெகாயும் வெளிப்பாடு பெற்றதாகச் சொல்லாமல், இத்தகைய வேளைக்காகவே அவளுக்கு இந்த மேன்மை கிடைத்திருக்குமோ என்று கேள்வியாகவே கேட்டான். உயிர் தப்பும் என்ற வாக்குத்தத்தம் எதுவும் இன்றி அவள் புறப்பட்டாள். முடிவு தெரியாத நிலையிலும் கடமையைச் செய்வதே இங்கு விசுவாசமாக விளங்குகிறது.

3. தப்பிய பின்னும் ஓயாதவள்

ஆமான் தூக்கிலிடப்பட்டதோடு பலர் இக்கதையை முடித்துவிடுகின்றனர். ஆனால் கட்டளை ரத்தாகவில்லை. அரமனையில் எஸ்தரின் நிலை உறுதியாயிற்று. நாடெங்குமுள்ள யூதரோ இன்னும் மரணத்துக்கு நியமிக்கப்பட்டிருந்தனர். ஆகையால் அவள் மறுபடியும் ராஜாவின் பாதத்தில் விழுந்து அழுதாள் (8:3). அதன் பின்னரே, மூன்றாம் மாதம் 23-ஆம் தேதியில், யூதர் தங்களைக் காத்துக்கொள்ள அனுமதிக்கும் இரண்டாம் கட்டளை பிறந்தது. இந்த இரண்டாம் கண்ணீரே அவளுடைய அன்பின் அளவுகோல்.

இன்றைய வேளை

தமிழக எல்லையருகே, பாலக்காடு மாவட்டத்தின் கஞ்சிக்கோடு தொழிற்பகுதியில் வெளிமாநிலத்தார் பலர் உழைக்கின்றனர். நாட்டின் தொழில் நகரங்கள் பலவற்றிலும் இதுவே நிலை. பாஷை அறியாத தொழிலாளி, தனக்குரிய கூலியையோ சிகிச்சையையோ கேட்க இயலாமல் நிற்கக்கூடும். அங்கே மேலதிகாரியிடம் நெருங்கிப் பேசக்கூடிய மேற்பார்வையாளரும் கணக்கரும் உண்டு. அவர்களுடைய பதவி சிறியதாயிருக்கலாம். அயலானுக்கோ அது அரமனையின் வாசல். தன் வேலை பத்திரமாயிருந்தால் போதும் என்று எண்ணுகிறவர், மொர்தெகாயின் கேள்வியை இன்னும் கேட்கவில்லை.

சிந்தனைக்கு:

* தேவனுடைய செயல் கண்ணுக்குத் தெரியாத காலத்தில் விசுவாசியின் கடமை என்ன?
* கிடைத்த பதவி யாருக்காகப் பயன்படுகிறது?
* தன் ஆபத்து நீங்கிய பின்னும் பிறருக்காகப் பரிந்து பேசும் மனம் நிலைத்திருக்கிறதா?