குறைந்த இடம், நிறைந்த ஆட்டம்

நுழையுமுன்

இன்று கைப்பேசியில் பதிவிறக்கம் செய்யும் ஒரு விளையாட்டு பல நூறு மெகாபைட் இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்து, உலகெங்கும் உள்ள சிறுவர்களின் மனத்தைக் கவர்ந்த ஒரு விளையாட்டோ 40 கிலோபைட்டுக்குள் அடங்கியிருந்தது. அவ்வளவு சிறிய இடத்தில் ஓர் உலகத்தையே அமைத்தவர்கள் எவ்வாறு சிந்தித்தார்கள் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

சீட்டுக்கட்டு விற்ற நிறுவனம்

ஜப்பான் நாட்டின் கியோட்டோ நகரில் 1889ஆம் ஆண்டு ஒரு சிறு நிறுவனம் தோன்றியது. பூக்களின் படம் பொறித்த சீட்டுக்கட்டுகளைச் செய்து விற்பதே அதன் தொழில். நின்டெண்டோ என்னும் அந்நிறுவனம் பிற்காலத்தில் பொம்மைகளையும் மின்னணு விளையாட்டுகளையும் செய்யத் தொடங்கியது. 1983 ஜூலை 15 அன்று, தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடும் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்னும் கருவியை அது வெளியிட்டது. பொறியாளர் மசயுகி உவெமுராவின் தலைமையில் அக்கருவி வடிவமைக்கப்பட்டது. அதன் விலை 14,800 யென். மக்கள் அதனைச் சுருக்கமாக ‘ஃபேமிகாம்’ என்றனர்.

அதே ஆண்டில் அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுத் தொழில் பெருஞ்சரிவைக் கண்டது. தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் குவிந்தன. வாங்கியவர்கள் ஏமாந்தனர், கடைக்காரர்களோ மீண்டும் அவற்றை வாங்கி வைக்கத் தயங்கினர். அத்தகைய சூழலில்தான், 1985ஆம் ஆண்டு, தோற்றத்தை மாற்றிய இக்கருவி நியூயார்க் நகரில் விற்பனைக்கு வந்தது. பின்னர் உலகெங்கும் 6 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் விற்றன. இழந்த நம்பிக்கையை மீட்டவை நல்ல விளையாட்டுகளே.

இந்தியாவில் 1990களில் இக்கருவியைப் பார்த்துச் செய்த மலிவான கருவிகள் பரவலாக விற்பனையாயின. விளையாட்டு பதிந்த பெட்டியைச் சிறுவர்கள் ‘கேசட்’ என்றே வழங்கினர். மேலட்டையில் ‘9999 விளையாட்டுகள்’ என்று அச்சிட்ட கேசட்டுகளும் உண்டு. செருகிப் பார்த்தால், ஒருசில விளையாட்டுகளே சிறுசிறு மாற்றங்களுடன் திரும்பத் திரும்ப வரும். எண்ணிக்கை ஏமாற்றினாலும், அந்த ஒருசிலவற்றுள் சில மனத்தில் நிலைத்தன. மரியோ, கான்ட்ரா, டக் ஹன்ட் ஆகிய பெயர்களைக் கேட்டதும் இன்றும் பெரியவர்கள் பலரின் முகம் மலர்வதைக் காணலாம்.

இரண்டு கிலோபைட் நினைவகம்

ஃபேமிகாம் கருவி ஆட்டத்தின்போது கணக்கிடுவதற்குப் பயன்படுத்திய செயல்நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. அஃதாவது 2,048 பைட். ‘தமிழ்’ என்னும் சொல்லை இன்றைய கணினிகளில் பெரிதும் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் பதிய 15 பைட் வேண்டும். அக்கணக்கின்படி, அச்சொல்லை 136 முறை எழுதினாலே அந்த நினைவகம் ஏறக்குறைய நிறைந்துவிடும்.

1985 செப்டம்பர் 13 அன்று வெளிவந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டை ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்தனர். ஆட்டத்தை நடத்தும் கட்டளைகளுக்கு 32 கிலோபைட், படங்களுக்கு 8 கிலோபைட் என அந்தக் கேசட்டில் இருந்த இடம் மொத்தம் 40 கிலோபைட். அதற்குள் 32 கட்டங்கள், பகைவர்கள், கோட்டைகள், கடலடிக் காட்சிகள், இசை அனைத்தும் அடங்க வேண்டும்.

எனவே அவர்கள் ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவிட்டனர். விளையாட்டில் வானத்தில் மிதக்கும் வெண்மேகத்தையும் தரையில் வளர்ந்த பசும்புதரையும் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இரண்டும் ஒரே படம். நிறம் மட்டுமே வேறு. மேலே வைத்து வெள்ளை நிறம் தந்தால் மேகம். கீழே வைத்துப் பச்சை நிறம் தந்தால் புதர். பல ஆண்டுகள் ஆடியவர்களும் இதனைக் கவனித்ததில்லை. காண்போரின் கற்பனை, எஞ்சியதை நிரப்பிவிட்டது.

தொப்பியும் மீசையும்

மரியோவின் உருவமும் இத்தகைய நெருக்கடியிலிருந்தே பிறந்தது. நாணயம் இட்டு ஆடும் பெட்டிகளுக்காக 1981இல் மியாமோட்டோ உருவாக்கிய ‘டாங்கி காங்’ விளையாட்டில் மரியோ முதன்முதலாகத் தோன்றினான். அக்காலத் திரையில் ஒரு மனித உருவத்துக்குக் கிடைத்த படப்புள்ளிகள் மிகச் சிலவே. அவற்றைக்கொண்டு தலைமுடி அசைவதை வரைவது கடினம். ஆகவே தொப்பி அணிவித்தனர். வாயைத் தெளிவாகக் காட்ட இயலாது. ஆகவே பெரிய மூக்கும் மீசையும் வரைந்தனர். ஓடும்போது கைகள் அசைவது தெரிய வேண்டும். ஆகவே சட்டைக்கும் மேலாடைக்கும் வேறுவேறு நிறம் தந்தனர். குறையை மறைக்கச் செய்த ஒவ்வொன்றும் அவனுடைய அடையாளமாயிற்று.

சொல்லாமல் சொல்லித் தருதல்

மரியோ விளையாட்டின் முதற்கட்டத்தில் எழுத்தால் ஆன விளக்கம் எதுவும் இல்லை. ஆயினும் புதிதாக ஆடுபவர் சில நிமிடங்களில் ஆட்டத்தைக் கற்றுக்கொள்கிறார். இது எவ்வாறு இயலும்?

தொடக்கத்தில் மரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் வெற்றிடம். எனவே வலப்பக்கம் செல்ல வேண்டும் என்பது விளங்குகிறது. சிறிது தொலைவில் கூம்பா என்னும் பகைவன் எதிரே நடந்து வருகிறான். அவன்மேல் மோதினால் மரியோ வீழ்வான். ஆட்டம் மீண்டும் தொடக்கத்திலிருந்து வரும். அதுவரை கடந்த தொலைவு சிறிதே ஆதலால் இழப்பும் சிறிதே. அடுத்த முறை குதிக்கத் தோன்றும். குதிக்கையில் மேலே உள்ள கேள்விக்குறிக் கட்டியில் தலை பட்டால் நாணயமோ காளானோ வெளிப்படும். வலப்பக்கம் நகரும் காளான் அங்குள்ள குழாயில் மோதித் திரும்பி வருகிறது. அதனைப் பகை என்று அஞ்சி விலகுபவரையும் பெரும்பாலும் அது வந்து தொட்டுவிடும். தொட்டதும் மரியோ பெரிய உருவம் பெறுகிறான். காளான் நன்மை தருவது என்று ஆடுபவர் தாமே அறிந்துகொள்கிறார்.

தவறு செய்ய இடம் கொடுத்து, அத்தவற்றாலேயே கற்பிக்கும் முறை இது. நல்ல ஆசிரியரின் வகுப்பும் இத்தகையதே.

ஐந்து ஒலித்தடங்கள்

கருவியில் ஒலிக்கு ஐந்து தடங்களே இருந்தன. ஒரே நேரத்தில் சில ஒலிகளை மட்டுமே எழுப்ப முடியும். இந்த எல்லைக்குள் கோஜி கோண்டோ என்னும் இசையமைப்பாளர் மரியோவின் நடைக்கும் குதிப்புக்கும் பொருந்தும் மெட்டை அமைத்தார். நேரம் முடியப்போகும்போது அதே மெட்டு விரைந்து ஒலிக்கும். ஆடுபவரின் நெஞ்சும் உடன் விரையும். 2023ஆம் ஆண்டு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அவ்விசையைச் சேர்த்தது.

துப்பாக்கி கண்ட ஒளி

‘டக் ஹன்ட்’ விளையாட்டில் திரையில் பறக்கும் வாத்துகளை நெகிழித் துப்பாக்கியால் குறிபார்க்க வேண்டும். துப்பாக்கியிலிருந்து ஒளி பாய்ந்து திரையைத் தாக்குகிறது என்றே சிறுவர் பலர் எண்ணினர். உண்மை அதற்கு நேர்மாறானது. துப்பாக்கியின் உள்ளே இருந்தது ஒளியை உணரும் ஒரு கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும். துப்பாக்கிக்கு அவ்வொளி தென்பட்டால் குறி சரி; தென்படாவிட்டால் தவறு. இவையனைத்தும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

மறைந்துவரும் நினைவுகள்

இத்தகைய விளையாட்டுகள் இன்று ஓர் இடரை எதிர்நோக்குகின்றன. டக் ஹன்ட் துப்பாக்கி பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிக்கென்று செய்யப்பட்டது. இன்றைய தட்டைத் திரையில் அது இயங்குவதில்லை. ‘லெஜண்ட் ஆஃப் செல்டா’ விளையாட்டின் கேசட்டில், ஆடியவர் அடைந்த இடத்தை நினைவில் வைத்திருக்க ஒரு சிறு மின்கலம் இருந்தது. ஆண்டுகள் பல கடந்தபின் மின்கலம் தீரும். அதனுடன் ஒரு சிறுவன் பல மாதம் முயன்று அடைந்த வெற்றியும் அழிந்துபோகும். கேசட் இயங்காதபோது வாயால் ஊதுவது அக்காலச் சிறுவர்களின் வழக்கம். மூச்சின் ஈரம் உலோக முனைகளைக் கெடுக்கும் என்பதை அவர்கள் அறியவில்லை. கழற்றி மீண்டும் செருகும்போது முனைகள் சரியாகப் பொருந்தியதே பெரும்பாலும் அது இயங்கியதற்குக் காரணம்.

கருவிகள் பழுதாகலாம், அவற்றை ஆக்கியவர்களின் சிந்தனை பழுதாவதில்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் உள்ள ஸ்டிராங் அருங்காட்சியகம் 2015இல் சிறந்த வீடியோ விளையாட்டுகளைச் சிறப்பிக்கத் தொடங்கியபோது, முதல் ஆண்டிலேயே சூப்பர் மரியோ பிரதர்ஸ் இடம்பெற்றது. உலகம் பாராட்டுவதற்கு அதன் அளவு காரணமன்று. கிடைத்த 40 கிலோபைட்டில் எதனை வைப்பது, எதனை விடுப்பது என்று ஆராய்ந்து முடிவு செய்த அறிவே காரணம். குறைவாக உள்ளதே என்று வருந்தி நிற்பவர் ஒருவர். உள்ளதைக்கொண்டு என்ன செய்யலாம் என்று எண்ணுபவர் மற்றொருவர். மேகத்தைப் புதராக்கியவர்கள் இரண்டாம் வகையினர்.

அருஞ்சொற்பொருள்

சரிவு – வீழ்ச்சி
செயல்நினைவகம் – கணினி இயங்கும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்
படப்புள்ளி – திரையில் படத்தை உருவாக்கும் மிகச்சிறிய புள்ளி
நெகிழி – பிளாஸ்டிக்
மின்கலம் – பேட்டரி
இடர் – துன்பம், ஆபத்து

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. நின்டெண்டோ நிறுவனம் தொடங்கப்பட்ட நகரம் ________.
2. ஃபேமிகாம் கருவியின் செயல்நினைவகம் ________ கிலோபைட்.
3. மரியோ விளையாட்டுக்கு இசையமைத்தவர் ________.

ஆ. சரியா, தவறா எனக் கூறுக.
1. டக் ஹன்ட் துப்பாக்கியிலிருந்து ஒளி வெளிப்பட்டது.
2. மேகமும் புதரும் ஒரே படத்தால் ஆனவை.
3. கேசட்டை வாயால் ஊதுவது நன்மை தரும்.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மரியோவுக்குத் தொப்பியும் மீசையும் வரைந்தது ஏன்?
2. ‘எண்ணிக்கை ஏமாற்றினாலும்’ என்னும் தொடர் எதனைக் குறிக்கிறது?
3. நேரம் முடியப்போவதை இசை எவ்வாறு உணர்த்தியது?

ஈ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. மரியோ விளையாட்டின் முதற்கட்டம் புதியவருக்கு ஆட்டத்தைக் கற்பிக்கும் முறையை விளக்குக.
2. பழைய விளையாட்டுகளைப் பாதுகாப்பது கடினமாவதற்குரிய காரணங்களை எழுதுக.

உ. பிரித்து எழுதுக.
வெண்மேகம், பசும்புதர், படப்புள்ளி, நினைவகம்

ஊ. செயல்பாடு
1. அப்பா, அம்மா, மாமா, அத்தை ஆகியோருள் ஒருவரிடம் அவர் சிறுவயதில் விரும்பி ஆடிய விளையாட்டைப் பற்றித் தமிழில் கேட்டறிக. எங்கு ஆடினார், யாருடன் ஆடினார், ஏன் பிடித்தது என்பவற்றைப் பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.
2. கட்டமிட்ட தாளில், நீளத்துக்கு 16, உயரத்துக்கு 16 எனக் கட்டங்களைக் குறித்துக்கொள்க. மூன்று நிறங்களை மட்டும் பயன்படுத்தி ஒரு மனித உருவம் வரைக. எதனை வரைய இயலவில்லை, அதற்கு மாற்றாக என்ன செய்தீர்கள் என்பதை இரண்டு தொடர்களில் எழுதுக.