ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டால்: கை வைப்பதற்கு முன் ஒரு பாடம்



இந்தப் பாடம் கணினி படிக்கிறவர்களுக்கு மட்டும் இல்லை. கோயில் இளைஞர் பிரிவில் செயலாளராக இருப்பவர், திருவிழாப் படங்களைச் சேர்த்து வைத்திருப்பவர், பாட்டியின் குரலைப் பதிவு செய்து வைத்திருக்கும் பேரப்பிள்ளை என்று எல்லாருக்கும் ஒருநாள் தேவைப்படும். ஹார்ட் டிஸ்க் என்றால் அது என்றைக்காவது பழுதாகத்தான் செய்யும். அந்த நேரத்தில் நாம் பதறிப்போய்ச் செய்கிற காரியங்கள் பல சமயம் பழுதைவிட அதிக சேதம் உண்டாக்கிவிடும். ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

1. உள்ளே என்ன நடக்கிறது?

1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து ஏறத்தாழ 5 மெகாபைட்தான் கொள்ளும். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படத்துக்கு அது சரியாகிவிடும். ஆனால் அடிப்படை இன்னும் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுற்றுகிறது. அதன் மேல் ஒரு சின்ன ‘ஹெட்’ நகர்ந்து எழுதுகிறது, படிக்கிறது.

இன்றைய தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். ஹெட் தட்டைத் தொடாது. சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70,000 நானோமீட்டர் என்றால் அந்த இடைவெளி எவ்வளவு சின்னது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தூசி போதும், கதை முடிந்துவிடும். இந்தத் தட்டுகளுக்கான அடித்தகடுகளைச் செய்யும் சீகேட் ஆலை ஒன்று நம் ஜொகூரிலேயே இயங்கி வந்திருக்கிறது. அந்த வேலையில் சுத்தம் எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்தே புரியும்.

2. எந்த வகைப் பழுது?

மருந்து கொடுக்கும் முன் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லையா? நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

அ) தரவுப் பழுது: டிஸ்க் நன்றாக இருக்கும், ஆனால் கோப்பு அழிந்திருக்கும், அல்லது ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கணினி கேட்கும். கோப்பை அழிக்கும்போது கணினி உண்மையில் தரவைத் துடைப்பதில்லை. ‘இந்த இடம் காலி’ என்று தன் பட்டியலில் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதன் மேல் வேறு எதுவும் எழுதப்படாத வரை மீட்க வாய்ப்பு உண்டு.

ஆ) தட்டில் கெட்ட பகுதிகள்: ஒரு கோப்புறை திறக்க ஐந்து நிமிடம் ஆகும், நகல் எடுக்கும்போது பாதியில் நின்றுவிடும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். மஞ்சளில் ‘எச்சரிக்கை’ என்று வந்தால் டிஸ்க் நமக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டது என்று அர்த்தம்.

இ) மின்சாரப் பழுது: இடி மின்னல், மின்வெட்டுக்குப் பிறகு டிஸ்க்கில் அசைவே இருக்காது. முதலில் கேபிளையும் வெளி டிஸ்க்கின் உறையையும் மாற்றிப் பாருங்கள். பல நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும்.

ஈ) இயந்திரப் பழுது: ‘டிக்... டிக்... டிக்’ என்று ஒரே சீராகச் சத்தம், அல்லது உரசும் சத்தம். ஹெட் கெட்டுவிட்டது, அல்லது தட்டைத் தொடுகிறது. ஒவ்வொரு விநாடியும் தட்டு கீறப்படலாம். உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். ‘இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே’ என்கிற ஆசை வேண்டாம்.

எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் சுற்றும் தட்டு இல்லை, அதனால் சத்தமும் இல்லை. முன்னறிவிப்பே இல்லாமல் போய்விடலாம். அதோடு ‘டிரிம்’ என்ற வசதி, அழித்த கோப்பின் இடத்தைப் பின்னணியில் சுத்தம் செய்துவிடும். ஆகவே அழிந்ததை மீட்பது ஹார்ட் டிஸ்க்கைவிடக் கடினம்.

3. செய்யக்கூடாதவை

• ‘ஃபார்மட்’ கேட்டால் ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லுங்கள்.
• டிஸ்க்கைச் சரிசெய்யும் ‘செக்டிஸ்க்’ கட்டளையை உடனே ஓட்டாதீர்கள். அது டிஸ்க்கின் மேலேயே எழுதும்.
• மீட்பு மென்பொருளைப் பழுதான டிஸ்க்கிலேயே நிறுவாதீர்கள்.
• ஃபிரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது எல்லாம் பழைய கதை. குளிரில் ஈரம் படியும். அந்த ஈரமே எமன்.
• வீட்டில் மூடியைத் திறக்காதீர்கள்.
• இணையத்தில் அதே மாடல் சர்க்யூட் போர்டு வாங்கி மாற்றாதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டில் உள்ள சிப்பில் இருக்கும். வேறு போர்டு பொதுவாக வேலை செய்யாது.
• வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். முடி உலர்த்தியால் காயவைக்கவும் வேண்டாம். அழுக்கு நீர் காய்ந்தால் உப்பும் சேறும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரம் போகாமல் பையில் மூடி, நிபுணரிடம் கொண்டு போங்கள். 2006 டிசம்பரில் கோத்தா திங்கி மூழ்கியதும், 2023 மார்ச்சில் பத்து பஹாட், சிகாமட் பக்கம் தண்ணீர் ஏறியதும் நமக்கு மறக்காது. ஜொகூர்க்காரனுக்கு இது ஏட்டுப் பாடம் இல்லை.

4. மீட்கும் முறை: முதலில் நகல், பிறகுதான் வைத்தியம்

எங்கள் வட்டாரத்துக் கோயில் இளைஞர் பிரிவில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் இருந்தது. ஏழு வயது ஆன டிஸ்க். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியவர்களைப் பேட்டி கண்டு சேர்த்த பதிவுகள் அதில்தான் இருந்தன: ரப்பர் மரம் சீவிய கதை, தோட்டத்து மாரியம்மன் கோயில் எப்படி எழும்பியது, துண்டாடலில் யார் யார் எங்கே போனார்கள் என்பதெல்லாம். பேசியவர்களில் இருவர் இப்போது உயிரோடு இல்லை.

பொறுப்பில் இருந்த அக்கா எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, கம்ப்யூட்டர்ல போட்டா ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது. பண்ணிடவா?”

“வேணாங்கா. ஒண்ணும் அமுக்காதீங்க. அப்படியே கழட்டி வெச்சிடுங்க, நான் வரேன்.”

அக்கா எதையும் தொடாமல் கழற்றி வைத்ததுதான் எங்களைக் காப்பாற்றியது.

டிக் டிக் சத்தம் இல்லை. ஆனால் படிக்கும் வேகம் ஆமை வேகம். ஆக, மேலே சொன்ன ‘ஆ’ வகை. நான் செய்தது இதுதான்:

முதல் படி: அதைவிடப் பெரிய புது டிஸ்க் ஒன்று வாங்கினோம்.

இரண்டாம் படி: விரலியிலிருந்து லினக்ஸைத் தொடங்கினேன். பழைய டிஸ்க்கை மவுண்ட் செய்யவில்லை. அதாவது கோப்புகளைத் திறக்க முயலவே இல்லை.

மூன்றாம் படி: குனு டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவியை ஓட்டினேன். இதன் புத்திசாலித்தனத்தைக் கவனியுங்கள். சாதாரண நகல் எடுக்கும்போது கெட்ட இடம் வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்கியூ கெட்ட இடத்தைத் தாண்டிப் போய், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிடும். எதை எடுத்தது, எதை விட்டது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைக்கும். பிறகு திரும்பி வந்து விட்ட இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக முயலும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சாகக் கிடக்கும் டிஸ்க்கிடம் முதலில் எதைக் கேட்க வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

நான்காம் படி: பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, நகலின் மேல் மட்டும் டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டினேன். கோப்புறைகள் பெயரோடு வந்தன. பெயர் தொலைந்த படங்களையும் ஒலிப்பதிவுகளையும் போட்டோரெக் எடுத்துக் கொடுத்தது.

மொத்தம் இரண்டு நாள் ஆனது. ஏறத்தாழ எல்லாம் வந்துவிட்டது. ஒரு பதிவில் மட்டும் நடுவே நான்கு நிமிடம் இல்லை. இறந்துபோன பாட்டி ஒருவர் தாலாட்டுப் பாடிய இடம் அது. அந்தப் பாட்டு அவர்கள் வீட்டில் வேறு யாருக்கும் முழுதாகத் தெரியாது. மென்பொருள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது; தட்டில் இல்லாததை அதனால் கொடுக்க முடியாது.

5. எப்போது நிபுணரிடம் போவது?

சத்தம் வந்தால், நனைந்திருந்தால், கீழே விழுந்திருந்தால், கணினி டிஸ்க்கைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால், சாதாரணக் கணினிக் கடை வேண்டாம். தூசியில்லாத அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிலையத்துக்குப் போங்கள். செலவு அதிகம்தான். முன்கூட்டியே மூன்று கேள்வி கேளுங்கள்: பரிசோதனைக்குக் கட்டணம் உண்டா? மீட்க முடியாவிட்டால் பணம் கட்ட வேண்டுமா? டிஸ்க்கை எங்கே வைத்துத் திறப்பீர்கள்?

நம்பிக்கை இழக்கவும் வேண்டாம். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் டெக்சாஸ் வானில் சிதறியது. அதிலிருந்த ஒரு ஹார்ட் டிஸ்க் கருகிப்போன நிலையில் தரையில் கிடைத்தது. தட்டுகளைச் சுத்தம் செய்து வேறு டிஸ்க்கில் பொருத்தி, கிட்டத்தட்ட 99 விழுக்காடு தரவை மீட்டார்கள். அந்த ஆய்வு முடிவுகள் 2008இல் வெளிவந்தன. ஆனால் அதே ஓடத்தில் இருந்த வேறு இரண்டு டிஸ்க்குகளிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை. மீட்பு என்பது பாதி திறமை, பாதி அதிர்ஷ்டம்.

6. நம் முன்னோர் நடத்திய பாடம்

தேவார வகுப்பில் இந்த வரலாற்றைக் கேட்டிருப்பீர்கள். தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைக் கரையான் தின்றுவிட்டது. சோழ மன்னன் முயற்சியால் அறை திறக்கப்பட்டு, எஞ்சியதை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்கிறது திருமுறைகண்ட புராணம். இன்று நம் கையில் சுமார் 800 பதிகங்கள் இருக்கின்றன. ஏட்டுக்குக் கரையான், டிஸ்க்குக்குக் கெட்ட பகுதி. ஒரே இடத்தில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே கதிதான்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. திருஞானசம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம் ஏடுகளில் கிடைக்காமலே போயிருந்தது. 1917இல் அந்த ஊர்க் கோயில் கல்வெட்டில் அதைக் கண்டுபிடித்தார்கள். யாரோ ஒருவர் ஓலையில் இருந்ததைக் கல்லிலும் வெட்டி வைத்ததால் அது நமக்கு மிஞ்சியது.

இன்றைய கணினி உலகம் இதையே ‘3-2-1’ என்கிறது: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். உதாரணமாக, மடிக்கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, மேகக் கணினியில் ஒன்று. கூகுள் கணக்கில் 15 ஜிகாபைட் இலவசம். பேட்டிகளின் ஒலிப்பதிவுக்கு அது தாராளம். ஆனால் கணினியோடு தானாக ஒத்திசையும் கோப்புறையை மட்டும் நம்பாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும்.

7. இந்த மாதப் பயிற்சி

அ) உங்கள் கோயில் அல்லது இளைஞர் பிரிவின் பதிவுகள் எங்கே இருக்கின்றன? எத்தனை நகல்? ஒரு தாளில் எழுதுங்கள். ‘ஒன்று’ என்று எழுதினால் அதை ‘இல்லை’ என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.
ஆ) டிஸ்க்கின் உடல்நிலையைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பாருங்கள்.
இ) பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை அச்செடுத்து வேறு இடத்தில் வையுங்கள். சாவி இல்லாமல் நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது.
ஈ) நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து கேட்டுப் பாருங்கள். திறந்து பார்க்காத நகல், நகலே அல்ல.
உ) வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து பேசிப் பதிவு செய்யுங்கள். அன்று இரவே மூன்று நகல் எடுத்துவிடுங்கள்.