புல்வெளிக் கிழங்கின் வரவு செலவு



கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர்களில் நானும் ஒருவன். என் காட்டின் மேல்சரிவில் ஒன்றரை ஏக்கர் வெறும் புல்வெளி. "சார், அதை ஏன் சும்மா போட்டு வெச்சிருக்கீங்க? தைல மரம் வெச்சா காசாயிடுமே" என்று பக்கத்துக் காட்டுக்காரர் கேட்காத மாதமில்லை. நான் வங்கியில் இருந்தபோது கடன் மனுவோடு வரும் காகிதங்களிலும் இப்படிப்பட்ட நிலத்துக்கு ஒரே பெயர்தான்: தரிசு. அந்தத் தரிசில் என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு செடியை வைத்துப் பார்ப்போம்.

செடியைத் தெரிந்துகொள்வோம்

ஆர்க்கிட் என்றால் மரத்தில் தொற்றி வளர்வது என்றே பலரும் நினைக்கிறோம். மண்ணில் வேர்விட்டுப் புல்லோடு புல்லாக வளரும் ஆர்க்கிட்டுகளும் நிறைய உண்டு. அதில் ஒன்று சாட்டிரியம் நேபாலென்சி. 1825-இல் நேபாளத் தாவரங்களைப் பற்றிய நூலில் பெயர் பெற்றது. இமயமலையிலும் இருக்கிறது, நம் பழனி மலை, நீலகிரியிலும் இருக்கிறது, இலங்கை மலைகளிலும் இருக்கிறது.

அடியில் இரண்டு மூன்று அகலமான இலைகள். நடுவில் நிமிர்ந்த ஒரே தண்டு. அதன் நுனியில் நெருக்கமாக ரோஸ் நிறப் பூக்கள். ஒவ்வொரு பூவின் பின்னாலும் வால்போல இரண்டு குழல்கள் தொங்கும். தேன் அதற்குள்தான். ஆவணி முதல் ஐப்பசி வரை பார்க்கலாம்.

மண்ணுக்குள் ஒரு சேமிப்புக் கணக்கு

தோண்டிப் பார்க்காதீர்கள், நான் சொல்லிவிடுகிறேன். கீழே இரண்டு கிழங்குகள் இருக்கும். ஒன்று போன வருடத்துச் சேமிப்பு. அதைச் செலவழித்துத்தான் இலையும் பூவும் வருகின்றன. செலவாகச் செலவாக அது சுருங்கும். அதே நேரத்தில் இலைகள் வெயிலில் சமைப்பதெல்லாம் பக்கத்தில் உள்ள புதுக் கிழங்கில் சேரும். கோடையில் மேலே செடியே தெரியாது. அந்தப் புதுக் கிழங்கு மட்டும் உறங்கும்.

இலை பச்சையாக இருக்கும்போதே ஆடு கடித்தாலோ, புல்லோடு சேர்த்து அறுத்தாலோ, வரவு நின்றுபோகும். செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. இரண்டு மூன்று வருடம் தொடர்ந்தால் கணக்கே முடிந்துவிடும்.

விதைக்குப் பூஞ்சை வேண்டும்

விதையிலிருந்து சுலபமாக வந்துவிடாதா? வராதுங்க. ஆர்க்கிட் விதை தூசிபோல. ஒரு காயில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் நெல்லிலும் அவரையிலும் இருப்பதுபோல முளைக்கு உணவு அதில் கிடையாது. மண்ணில் உள்ள ஒருவகைப் பூஞ்சை உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் முளைக்கும். இதை 1899-இல் கண்டுபிடித்தவர் பிரான்சு நாட்டு நோயல் பெர்னார்ட்.

பூஞ்சைக்கொல்லிக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்று தெரியாது. யூரியா சரிவில் வழிந்து வந்தால் முரட்டுப் புல் உயர்ந்து இந்தச் சின்னச் செடியை மூடிவிடும். ஆக, தரை ஆர்க்கிட் பூக்கிற இடம் ரசாயனம் அதிகம் தொடாத மண் என்று நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

நாம் செய்ய வேண்டியது

1. வேலி போட்டு அப்படியே விட்டுவிடுவதும் சரியில்லை. புதர் ஏறிவிடும். மேய்ச்சலும் அறுப்பும் வேண்டும், ஆனால் காலம் பார்த்து. காய் வெடித்து, இலை மஞ்சளான பிறகு ஆட்டை விடுங்கள்.

2. சரிவில் முளைக்கும் வாட்டில், தைலக் கன்றுகளைச் சின்னதிலேயே பிடுங்குங்கள். நிழல் விழுந்தால் புல்லும் போகும், ஆர்க்கிட்டும் போகும்.

3. வயலுக்கும் புல்வெளிக்கும் நடுவே ஒரு வரப்பு விடுங்கள். உழவு அதைத் தாண்டக் கூடாது.

4. கிழங்கு வாங்க ஆள் வந்தால் கொடுக்காதீர்கள். சாலாமிசிரி என்று மருந்துக் கடையில் விற்பதும் ஆர்க்கிட் கிழங்குதான். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டஸ் என்ற உலக வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. தொட்டியில் வைக்கவும் பிடுங்க வேண்டாம். பூஞ்சைத் துணை இல்லாமல் பிழைப்பது கஷ்டம்.

பக்கத்துக் காட்டுக்காரருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: மேல்மலைப் புல்வெளி மழையைப் பிடித்து வைத்து மெதுவாக விடுகிறது. உங்கள் பூண்டுக்கும் என் பூண்டுக்கும் மாசி, பங்குனியில் தண்ணீர் தரும் ஊற்று அந்தச் சரிவுக்குக் கீழேதான் இருக்கிறது. தைல மரம் காசு தரும். ஊற்று வற்றினால் அந்தக் காசை வைத்து எதை நனைப்பது?

வருகிற ஆவணியில் உங்கள் 'தரிசை' ஒருமுறை நடந்து பாருங்கள். பூத்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். அடுத்த வருடமும் எண்ணுங்கள். எண்ணிக்கை குறையாமல் இருந்தால் முதல் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம்.